கடன் வாங்கப்படும் நாற்பது நிமிடம்

2023-இல், அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் மேடையிலேயே ஒரு வேண்டுகோள் வைத்தார்: பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் போர்ஷன் முடியாத ஆசிரியர், "இன்னைக்கு ஒரு பீரியட் குடுங்க சார்" என்று பி.டி. சாரிடம் கேட்பார். பத்தாம் வகுப்பில் கேட்பதுகூட இல்லை. காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அந்த பீரியட் தானாகவே ஸ்பெஷல் கிளாஸ் ஆகிவிடும். இப்படி வாங்கியதை யாரும் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கடன் முழுதாக அடையாது. பதினான்கு வயதில் காரணிப்படுத்தல் புரியாமல் போனவர் இருபத்து நான்கு வயதில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். எலும்புக்கு அந்த வசதி கிடையாது.

கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் 1991-இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்து, உயரம் அளந்து, ஸ்கேன் எடுத்து, எலும்பில் எவ்வளவு கனிமம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஆறு ஆண்டுக் கணக்கு 1999-இல் வெளியானது. வளர்ந்த மனிதரின் எலும்பில் இருக்கும் மொத்தக் கனிமத்தில் ஏறத்தாழ 26 சதவீதம் வளரிளம் பருவத்தின் இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. பெரும்பாலோர் அதற்குப் பிந்தைய வாழ்நாள் முழுவதும் இழக்கும் எலும்புக்கு ஈடான அளவு இது. அந்தச் சேர்மானம் உச்சத்தைத் தொடும் வயது பெண்களுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை, பையன்களுக்குப் பதினான்கு. நாட்டுக்கு நாடு சில மாதங்கள் முன்பின் ஆகலாம். நம் வகுப்புக் கணக்கில் சொன்னால் பெண்களுக்கு ஏழாம், எட்டாம் வகுப்பு, பையன்களுக்கு ஒன்பது.

ஆய்வின் இன்னொரு பகுதி அதைவிட முக்கியமானது. ஓடியாடும் பிள்ளைகளையும் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைகளையும் பிரித்து, உச்சம் கடந்து ஓராண்டு கழித்து ஒப்பிட்டார்கள். உயரம், எடை வித்தியாசங்களைக் கழித்த பிறகும், ஓடியாடிய பையன்களின் உடலில் எலும்புக் கனிமம் 9 சதவீதம் அதிகம். பெண்களில் 17 சதவீதம்.

இந்த வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளைகள் முதலில் உயரமாகிறார்கள். கனிமம் சேர்வது அதற்குச் சில மாதங்கள் பிந்தித்தான் உச்சத்துக்கு வருகிறது. கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் இன்னும் முழுதாகப் போடாத தூண் மாதிரியான நிலை. கீழே விழும்போது கையை ஊன்றி முன்கை முறிவது வளரிளம் பருவத்தில்தான் மிக அதிகம். அந்த எலும்பு முறிவுகளின் உச்சமும் உயர வளர்ச்சியின் உச்சமும் ஏறக்குறைய ஒரே வயதில் வருகின்றன. 'கையைக் காலை உடைச்சுக்காதே, சும்மா உட்காரு' என்று வீட்டில் சொல்வது இந்தச் சில மாதங்களை மட்டும் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதற்கு எலும்புக்குள் போய்ப் பார்க்கவேண்டும். எலும்பு என்றதும் நமக்கு ஆய்வகத்து மூலையில் தொங்கும் வெள்ளை எலும்புக்கூடுதான் நினைவுக்கு வரும். உயிருள்ள எலும்பு ஈரமானது, ரத்தம் ஓடுவது. அதன் கெட்டியான பகுதிக்குள் எலும்புச் செல்கள் சிறுசிறு குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. குழிகளை இணைத்து மயிரிழையினும் மெல்லிய கால்வாய்கள் ஓடுகின்றன, அவற்றில் திரவம். குதித்துத் தரையில் கால் பதியும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளையும்போது அந்தத் திரவம் கால்வாய்களில் பாய்கிறது. பாய்ச்சலை உணரும் செல்கள், புதிய எலும்பு கட்டப்படுவதைத் தடுத்துவைக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. தடை விலகியதும் எலும்பு கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. வளையாத எலும்பில் அந்தத் தடை அப்படியே இருக்கும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவைச் சிகிச்சை நிபுணர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். எப்படி என்பது தெரியவர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தச் செல்களுக்கு ஒரு விநோத குணம் இருக்கிறது: சீக்கிரம் சலித்துப்போகும். 1984-இல் ரூபின், லேன்யன் என்ற இரு ஆய்வாளர்கள் பறவைகளின் சிறகெலும்பில் கருவி வைத்துச் சுமை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 36 முறை சுமை ஏற்றினால் எலும்பு நன்றாகத் தடித்தது. 1800 முறை ஏற்றினாலும் அதற்கு மேல் தடிக்கவில்லை. 1997-இல் ஜப்பானில் எலிகளைக் குதிக்கவைத்த ஆய்வில் ஒரு நாளைக்கு ஐந்து குதியே எலும்பை வலுப்படுத்தப் போதுமானதாக இருந்தது; நாற்பது, நூறு என்று ஏற்றியபோது கிடைத்த கூடுதல் பயன் கொஞ்சம்தான். சில பத்துக் குதிகளுக்குப் பிறகு செல்கள் காது கொடுப்பதில்லை. பழைய உணர்திறன் திரும்பச் சில மணி நேரம் ஆகும்.

நம் டைம் டேபிளை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட், அதில் ஒன்று கடனாகப் போய்விடும். மிச்சமிருக்கும் நாற்பது நிமிடம் ஒரே மூச்சாகக் குதித்தாலும் எலும்பைப் பொறுத்தவரை முதல் சில நிமிடங்கள்தான் கணக்கில் சேரும். தினமும் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் குதிப்பது இதைவிட மேல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதையே செய்து பார்த்தார்கள். பள்ளி மணி அடிக்கும்போது பிள்ளைகள் எழுந்து பத்து முறை குதிக்கவேண்டும். ஒரு நாளில் மூன்று தடவை. மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகாது. எட்டு மாதம் கழித்து, மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளைவிட இவர்களின் இடுப்பு எலும்பில் 2 சதவீதம் கூடுதல் கனிமம் சேர்ந்திருந்தது. அவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள், வளர்ச்சி உச்சத்துக்குச் சற்று முந்தியவர்கள். நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு எப்படியும் எல்லோரும் வெளியே வந்து நிற்கிறார்கள்.

எல்லா விளையாட்டும் எலும்புக்கு ஒன்றல்ல. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமையானவை. ஆனால் தண்ணீரும் இருக்கையும் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்பு அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு வேண்டியது அதிர்ச்சி: திடீரென்று, பல திசைகளிலிருந்து, எடையின் சில மடங்காக. கோ-கோவில் உட்கார்ந்தவர் முதுகில் தட்டியதும் எழுந்து பாய்கிறார், திரும்புகிறார், தாவி விழுகிறார். கபடியில் காலை வீசிப் பின்வாங்குவதும் அப்படியே. ஸ்கிப்பிங், நொண்டி, பாண்டி இவை மூன்றும் எலும்பியல் நிபுணர் உட்கார்ந்து வரைந்து கொடுத்தவை போலவே இருக்கின்றன. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும், எலும்பு உச்சமாக வாங்கிக்கொள்ளும் அதே காலத்தில், 'இன்னும் சின்னப் பிள்ளையா?' என்று இந்த ஆட்டங்களைத்தான் நிறுத்திவிடுகிறோம்.

அந்தக் காலம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு ஃபின்லாந்து டென்னிஸ் வீராங்கனைகள் சாட்சி. ஒரே உடலில் ஆடும் கை, ஆடாத கை இரண்டும் இருப்பதால் மரபணு, உணவு எல்லாம் சமம். மிஞ்சுவது பயிற்சியின் வித்தியாசம் மட்டும். 1995-இல் வெளியான ஆய்வில், பூப்பெய்தும் முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த எலும்புப் பயன், அதற்குப் பின் தொடங்கியவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. விளையாட்டை விட்டுவிட்டால் எல்லாம் கரைந்துவிடாதா என்று கேட்கலாம். அமெரிக்க பேஸ்பால் வீரர்களின் எறியும் கையை அளந்து 2014-இல் அதற்கும் விடை கண்டார்கள். இளமையில் பெற்ற எலும்புப் பருமனில் பாதியும், வலுவில் மூன்றில் ஒரு பங்கும், ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் கையிலேயே இருந்தன. எலும்பு அடர்த்தியின் உச்சம் 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் எலும்புப்புரை நோய் 13 ஆண்டு தள்ளிப்போகும் என்று ஒரு கணினி மாதிரிக் கணக்கு சொல்கிறது. அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழும் பெண்மணியின் இடுப்பு உடையுமா உடையாதா என்பதில் எட்டாம் வகுப்பு டைம் டேபிளுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதுவரை சொன்னதை ஏற்றுக்கொண்டு பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதில் என்ன நடக்கிறது? பந்து ஒன்று, பிள்ளைகள் ஐம்பது. நன்றாக ஆடும் பத்துப் பதினைந்து பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடி. உலக அளவில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி வகுப்புகளைக் கண்காணித்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் இயங்கியது வகுப்பு நேரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம்தான். வரிசையில் நிற்பதும், விதி கேட்பதும், முறைக்குக் காத்திருப்பதும் மீதியைத் தின்றுவிடுகின்றன. வசதியான நாடுகளிலேயே இந்த நிலை.

மரத்தடிக் கூட்டம் சோம்பேறிக் கூட்டம் என்பது நம் பள்ளிகளில் ஊறிப்போன எண்ணம். சிகாகோவுக்கு அருகே நேப்பர்வில் என்ற ஊரில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஃபில் லாலரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தார். 1990-களில் அவர் தம் மாணவர்களுக்கு இதயத் துடிப்பை அளக்கும் பட்டையை மாட்டி ஒரு மைல் ஓடவிட்டார். பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி; ஒல்லி, விளையாட்டில் ஆர்வமோ திறமையோ இல்லாதவள், வழக்கம்போல மிகப் பின்தங்கி வந்தாள். கருவியில் அவளது சராசரித் துடிப்பைப் பார்த்தால் நிமிடத்துக்கு 187. அந்த வயதில் இதயம் எட்டக்கூடிய உச்சமே 209 என்றுதான் வழக்கமான சூத்திரம் சொல்லும். மிக மெதுவாக ஓடியவள் தன் சக்தியை முழுதாகப் போட்டு ஓடியிருக்கிறாள். இத்தனை ஆண்டும் இப்படி எத்தனை பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிட்டோம் என்று லாலருக்கு உறைத்தது. அதன்பின் அங்கே மதிப்பெண் ஓட்ட நேரத்துக்கு இல்லை. துடிப்பு உரிய அளவில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்குத்தான்.

லாலர் கண்டதற்குப் பின்னால் வளர்ச்சியின் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே எட்டாம் வகுப்பில் மீசை அரும்பி, குரல் உடைந்த பையனும் இருப்பான். ஐந்தாம் வகுப்பிலிருந்து தவறி வந்தவன்போல ஒருவனும் இருப்பான். பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் எலும்பின் வயதில் நான்கு ஆண்டு வித்தியாசம்கூட வரலாம். முந்தி வளர்ந்தவனுக்குத் தசை, ரத்தம், இதயம் எல்லாம் பெரிது. நூறு மீட்டரில் அவன் ஜெயிப்பதில் அவனது முயற்சியைவிட ஹார்மோன்களின் பங்கு அதிகம். அணிக்குத் தேர்வாகிறவன் அவன். பயிற்சி கிடைப்பதும் அவனுக்கே. பிந்தி வளர்கிறவன் இரண்டே ஆண்டில் அவனை எட்டிப்பிடிப்பான். ஆனால் அதற்குள் 'எனக்கு கேம்ஸ் வராது' என்று முடிவு கட்டியிருப்பான். அந்த முடிவு பெரும்பாலும் நாற்பது வயதில் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லும் வரைக்கும் நிற்கும்.

சர்க்கரை என்றது பேச்சுக்காக அல்ல. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸ் தசைக்குள் போக வழக்கமாக இன்சுலின் வந்து கதவைத் திறக்கவேண்டும். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் இல்லாமலேயே தன் குளுக்கோஸ் வாயில்களைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடும். ஓடி முடித்த பிறகும் அடுத்த நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். அதற்கு மறுநாள் மீண்டும் ஓடவேண்டும். வாரம் ஒருமுறை விளையாடுவது இந்தக் கணக்கிலும் போதாது.

கணக்கு ஆசிரியரின் கவலையையும் பார்த்துவிடுவோம். பீரியடை விட்டுக்கொடுத்தால் மார்க் குறையாதா? கனடாவில் கியூபெக் மாகாணத்து ட்ருவா-ரிவியேரில் 1970-களில் ஏழு ஆண்டு நடந்த ஆய்வு இதற்கு நேரடி பதில். 546 தொடக்கப் பள்ளி மாணவர்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஐந்து மணி நேரம் கூடுதல் உடற்கல்வி, அதுவும் அதற்கென்றே படித்த ஆசிரியரிடம். அந்த நேரத்தை மற்றப் பாடங்களிலிருந்துதான் எடுத்தார்கள். மற்றப் பாட நேரம் 13, 14 சதவீதம் குறைந்தும் மதிப்பெண் குறையவில்லை. பின் வகுப்புகளில் சற்றுக் கூடவே இருந்தது. நேப்பர்வில்லைக் காட்டுகிறவர்கள் இன்னொன்று சொல்வார்கள்: 1999-இல் நடந்த சர்வதேசத் தேர்வில் அந்த ஊர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலில் உலகில் முதலிடம், கணக்கில் ஆறாமிடம். அதை விளையாட்டின் கணக்கில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நேப்பர்வில் படித்தவர்களும் பணக்காரர்களும் வாழும் புறநகர்; அந்தப் பிள்ளைகள் ஓடாவிட்டாலும் நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழு 2009-இல் கண்டது சிறியது, ஆனால் நம்பத்தக்கது: ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் விறுவிறுவென நடந்த பிறகு, கவனத்தைச் சிதறவிடாமல் செய்யவேண்டிய சோதனையில் பிழைகள் குறைந்தன. இந்தப் பயன் நெடுநேரம் நிற்பதில்லை. ஆகவே கணக்கு ஆசிரியர் கேட்கவேண்டியது பி.டி. பீரியடை அல்ல; அதற்கு அடுத்த பீரியடை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பீரியடைத் திருப்பித் தருவதோடு வேலை முடியாது. 146 நாடுகளின் பள்ளி மாணவர்களை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் போட்ட 2016-ஆம் ஆண்டுக் கணக்கில், 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. பெண்களில் 85, ஆண்களில் 78. நாளுக்கு ஒரு மணி நேரம் என்பது அந்த நிறுவனத்தின் அளவுகோல். இந்தியாவில் இன்னொரு சுமையும் சேர்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்த ரத்தம் தசைக்கு ஆக்சிஜனைக் குறைவாகவே கொண்டுபோகும். இரண்டு சுற்றிலேயே நெஞ்சு அடைக்கும், கால் கனக்கும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசாமல் விழுங்கவைப்பதும் உடற்கல்விதான். மேலே துப்பட்டாவைக் குத்திக்கொண்டு, உடை மாற்ற இடமில்லாமல், தண்ணீர் வராத கழிப்பறையை நினைத்துக்கொண்டு யாரும் முழு மூச்சாக ஓடமாட்டார்கள். மாதவிடாய் நாளில் விளையாடினால் கெடுதல் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வலி சற்றுக் குறையக்கூடும் என்றுகூட ஆய்வுகள் உண்டு. ஆனால் மாற்றிக்கொள்ள வசதியில்லாத இடத்தில் இந்த அறிவியலைச் சொல்லிப் பயனில்லை. சென்னையில் மதராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் பதின்வயதுப் பெண்களுக்காகப் பத்து நிமிட நடனப் பயிற்சி ஒன்றை அமைத்துச் சோதித்தது. மைதானம் வேண்டாம், மேடும் பள்ளமும் பார்க்கவேண்டாம், வகுப்பறையிலேயே பெஞ்சை ஒதுக்கிவிட்டு ஆடலாம். அதிலும் குதி இருக்கிறது.

இவற்றையெல்லாம் யார் செய்வது? உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கினார், ஆசியாவில் இவ்வகையில் முதலாவது என்று அதற்குப் பெயர். நூறாண்டுக்கு மேல் பயிற்சி பெற்று வெளியே வந்தவர்களைப் பள்ளிகளில் நாம் என்ன வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் கூச்சமாக இருக்கும். காலையில் கேட்டில் நின்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பது, முடி வெட்டாதவர்களைத் திருப்பி அனுப்புவது, கூட்டத்தில் விசில் அடித்து அமைதிப்படுத்துவது, ஆள் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வது. பிள்ளைகளின் மனதில் பி.டி. சார் ஒரு போலீஸ்காரர்.

அவர் கையில் துடிப்புப் பட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை. வகுப்பு முழுவதையும் ஐந்து நிமிடம் அவரவர் வேகத்தில் ஓடவிட்டு, விசில் அடித்ததும் நின்ற இடத்திலேயே கழுத்தின் பக்கவாட்டில், தாடைக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து எண்ணச் சொல்லலாம். 15 விநாடி போதும். உடனே எண்ணவேண்டும், ஒரு நிமிடம் விட்டால் துடிப்பு இறங்கிவிடும். 35-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கு 140; அந்த வயதுக்கு அது நல்ல உழைப்பு. எண்ணிக்கை வந்தபின் யார் முதலில் வந்தார்கள் என்று கேட்காமல், ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அவரவர் சொன்ன எண்ணை எழுதிக்கொள்ளலாம். அடுத்த வாரம் அதே எண்ணில் அரைச் சுற்று கூட ஓட முடிகிறதா என்று பார்க்கலாம். கடைசியில் வருகிற பிள்ளையின் பெயருக்கு எதிரே 45 என்று எழுத நேரும்போது, அவளை வேகமாக ஓடச் சொல்லித் திட்டவேண்டாம். தண்ணீர் கொடுத்து, ஹீமோகுளோபின் பார்க்க அனுப்பவேண்டும்.